எட்டாத வயர்

இரும்புலியூர்,
17.11.2024

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஃபிரெடிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் தபியும் தேவகிருபையால் சுகம். நீயும் ஜெயசீலியும் சுகமா என்று தாளில் எழுதிக் கேட்கும்படி வைத்துவிட்டாய். எப்போது கூப்பிட்டாலும் உன் பெண்டாட்டிதான் எடுத்து, "அவர் டூட்டில இருக்காரு அண்ணி" என்கிறாள். இராணிப்பேட்டையில் கம்பெனி வேன்களை மேய்க்கிறவனுக்கு ராப்பகலாக என்ன டூட்டி? வாட்ஸப்பில் எது அனுப்பினாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். ஒரு வார்த்தை பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா?

சரி, நல்ல சேதியைச் சொல்கிறேன். தபீதாளுக்குச் சம்பந்தம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை கீழ்க்கட்டளை, பேங்க் உத்தியோகம். தங்கமான பிள்ளை, கொஞ்சம் சாப்பாட்டு ராமன். லெந்து தவ நாட்களில் கல்யாணம் வைக்க முடியாதே, அதனால் ஈஸ்டர் முடிந்து மே முதல் தேதி. நம்ம தாம்பரம் கோயிலில்தான்.

உன் அத்தான் உயிரோடு இல்லை. பீடத்தின் முன்னால் பிள்ளையைக் கையளிக்க நீதான் நிற்க வேண்டும். என் கல்யாணத்தில் அப்பா செய்தது ஞாபகம் இருக்கிறதா? "இந்தப் பெண்ணை இந்த மனுஷனுக்கு மனைவியாகக் கொடுக்கிறவர் யார்?" என்று பாஸ்டர் கேட்டு முடிக்கவில்லை, அப்பா ஸ்கூல் அசெம்பிளியில் நிற்கிற மாதிரி "நான் கொடுக்கிறேன்!" என்று ஒரு போடு போட்டார். கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் வந்துவிட்டது என்று எழுந்தே நின்றுவிட்டார்! அந்தக் குரல் அப்படியே உனக்குத்தான் வந்திருக்கிறது. "மாமா சொல்றது பம்மல் வரைக்கும் கேக்கணும்" என்று தபி இப்போதே கட்டளை போட்டுவிட்டாள்.

இன்னொன்று. அவள் நம் அப்பாவின் பழைய காரில்தான் கோயிலுக்குப் போவாளாம், நீதான் ஓட்டவேண்டுமாம். அந்த வண்டியோ ஸ்டார்ட் செய்தால் தகரக் கொட்டகை மாதிரி அலறுகிறது, உள்ளே புகை நாற்றம். பம்மல் மெக்கானிக் தட்சிணாமூர்த்தி வந்து பார்த்துவிட்டு, "மேனிஃபோல்டு வெடிச்சிக்கினு கீதுக்கா. இத்தினி வயசான வண்டிக்கு இப்ப எவன் பார்ட்டு வெச்சிகினு கீறான்?" என்கிறார். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாயாம் அது. என்ன செய்யட்டும்? உடனே போன் பண்ணு.

ஜெபத்தில் உன்னை மறவாத,
அக்கா கெசியா

*

இராணிப்பேட்டை,
2.12.2024

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஃபிரெடியின் ஸ்தோத்திரம். நாங்கள் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தபியின் சேதி கேட்டு ஜெயசீலி அழுதேவிட்டாள். நானும்தான்.

போனில் சொன்னால் பாதியை நீ மறப்பாய், மீதியைத் தட்சிணாமூர்த்தி மறப்பார். தாளில் இருந்தால் அப்படியே அவர் கையில் கொடுத்துவிடலாம். நீ பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் படித்தபோது நான் உனக்கு இன்லேண்டு லெட்டர் போடுவேனே, நீ அதிலிருக்கும் ஒற்றுப் பிழையை எல்லாம் சிவப்பு மையில் திருத்தி எனக்கே திருப்பி அனுப்புவாயே. இதையும் திருத்திக்கொள்.

பரணில் பழைய பேப்பர் சுற்றிய ஒரு பொட்டலம் கிடக்கும். ஹெடர். நான்கு குழாய்களும் வளைந்து வந்து ஒன்றாகச் சேரும், பளபளவென்று இருக்கும். என் கல்யாணத்துக்கு முன்னால் ஆசை ஆசையாய் வாங்கி வந்தேன். "கோயிலுக்குப் போற வண்டிடா, உறுமக் கூடாது" என்று அப்பா பரணில் ஏற்றியதுதான். வெடித்துப்போன மேனிஃபோல்டுக்குப் பதிலாக அதைப் போடச் சொல். கணக்காக உட்காரும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கஷ்டம். பழைய குழாயில் எஞ்சினை ஒட்டி, கட்டைவிரல் பருமனில் ஒன்று திருகியிருக்கும். ஆக்சிஜன் சென்சார். போகிற புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் அதிகமா கம்மியா என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். ஹெடரில் அதற்கான துளை ரொம்பக் கீழே இருக்கிறது. அதனால் வயர் எட்டாது. ஒன்றரை அடி நீட்ட வேண்டும்.

இழுத்துக் கட்டக் கூடாது. ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் கூடாது. அந்தச் சூட்டுக்கு ஈயம் இளகிவிடும். அதோடு, இந்த மாதிரி சென்சார் அந்த வயருக்குள் இருக்கிற இடுக்கு வழியாகத்தான் வெளிக்காற்றை இழுக்கிறது. ஈயம் அதை அடைத்தால் மூச்சு முட்டி, வாய்க்கு வந்ததைச் சொல்லும். இடுக்கியால் அழுத்திக் கடிக்க வைக்கிற இணைப்புதான் போட வேண்டும், அதுவும் சென்சாரிலிருந்து தள்ளி. நிறத்துக்கு நிறம். இரண்டு வெள்ளை வயர் தங்களுக்குள் மாறினால் பரவாயில்லை. கறுப்பும் சாம்பலும் மாறவே கூடாது. மேலே சூடு தாங்குகிற ஸ்லீவ் மாட்டி, குழாயில் படாமல் ஒதுக்கிக் கட்டச் சொல்.

ராத்திரி தனியாகப் பரணில் ஏறாதே.

அன்புடன்,
ஃபிரெடி

*

இரும்புலியூர்,
15.12.2024

பிரியமான தம்பிக்கு,

கிறிஸ்மஸ் வாழ்த்துக்கள். சுகமாயிருக்கிறோம். முழங்கால் அதன் பாட்டுக்கு வலிக்கிறது.

உன் பொட்டலம் கிடைத்தது. உள்ளே பல்லி குடித்தனம் நடத்தியிருக்கிறது. தபி துடைத்துப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கும்மா, ஹால்லயே வெச்சுடலாமா?" என்றாள். உன் கடிதத்தைத் தட்சிணாமூர்த்தியிடம் கொடுத்தேன். ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, "இன்னாக்கா, அண்ணன் லெட்டர்ல டியூசன் எடுக்குது? நான் பாத்துக்கறேன், வுடு" என்றார். ஹெடருக்கு வாஷர், போல்ட்டு எல்லாம் தேட வேண்டுமாம். பொங்கலுக்குள் மாட்டுகிறாராம்.

கேரல் ரவுண்டு போன வாரம் நம் வீட்டுக்கு வந்தது. பாட்டெல்லாம் கீச்சுக் கீச்சென்று இருந்தது, அடிக்குரலுக்கு ஆளே இல்லை. "ஃபிரெடி அண்ணன் எங்கே?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். முன்பெல்லாம் நீ பாடினால் எதிர்வீட்டு நாயே கோரஸ் பாடுமே. நான் கேக்கை நீட்டி அனுப்பிவிட்டேன்.

அது போகட்டும். பக்கம் பக்கமாக வயரைப் பற்றி எழுதினாய். தபியைக் கையளிக்க நிற்பாயா என்று கேட்டதற்கு ஒரு வரி இல்லை. கிறிஸ்மஸுக்கு வா, நேரில் பேசலாம். உனக்குப் பிடித்த ரோஸ் குக்கி சுடுகிறேன்.

உன் அக்கா,
கெசியா

*

இராணிப்பேட்டை,
6.1.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

புதுவருட ஸ்தோத்திரம். சுகம். கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்கவில்லை.

கையளிப்பது பற்றிக் கேட்டிருந்தாய். துரைராஜ் அண்ணன் இருக்கிறாரே, பெரியப்பா மகன். மூத்தவர், சபையில் மரியாதை உள்ளவர், குரலும் எடுப்பாக இருக்கும். அவரையே நிற்க வைத்துவிடு. நான் வண்டி ஓட்டுகிறேன். அது போதும் எனக்கு.

அன்புடன்,
ஃபிரெடி

*

இரும்புலியூர்,
12.1.2025

ஃபிரெடிக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

துரைராஜ் அண்ணனா? தபி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றது துரைராஜ் அண்ணனா? அவள் தூங்காமல் படுத்தும்போதெல்லாம் நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு வாயாலேயே கார் ஓட்டியவன் யார்? ஃபர்ஸ்ட் கியரில் உறுமுவாய், செகண்டுக்கு மாற்றுவாய், தேர்டு, ஃபோர்த்து வருவதற்குள் பிள்ளை தூங்கிப் போய்விடும். "இவன் பெட்ரோல் இல்லாம ஓட்டறான்டி" என்று அம்மா சிரிப்பாள். உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தபி எழுந்து ரூமுக்குள் போனாள். நான் போனபோது தலையணை நனைந்திருந்தது. உனக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஏதாவது மனக்கசப்பா? நான் ஏதாவது சொல்லிவிட்டேனா? பட்டென்று சொல்லித் தொலை.

ஹெடர் மாட்டியாகிவிட்டது. வண்டி எடுக்கும்போதே டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பெட்ரோல் நாற்றம். தட்சிணாமூர்த்தி ஈயம்தான் வைத்திருக்கிறார், நான்கு வயருக்கும் ஒரே சிவப்பு வயர். "கலர்ல இன்னாக்கா கீது, கரண்டுக்கு கண்ணா தெரியும்?" என்கிறார்.

கெசியா

*

இராணிப்பேட்டை,
3.2.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். யார் மேலும் எனக்குக் கசப்பில்லை. நீ ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். வேறு காரணம் இருக்கிறது. கோபப்படாதே, தபியையும் அழ விடாதே.

சிவப்பு வயர் எல்லாவற்றையும் வெட்டி எறியச் சொல். கறுப்பும் சாம்பலும் இடம் மாறியிருக்கும். ஈயம் பட்ட சென்சாரை இனி நம்ப முடியாது, புதியது போடட்டும். கம்ப்யூட்டர் பக்கம் போகிற வயரில்தான் நீட்ட வேண்டும், சென்சார் பக்கம் கை வைக்கக் கூடாது. நான்கையும் ஒரே இடத்தில் வெட்டாமல், ஒன்றுக்கொன்று தள்ளி வெட்டினால் இணைப்புகள் ஒன்றோடொன்று உரசாது. நான் சொன்னேன் என்று சொல்லாதே, கோபித்துக்கொள்வார். நீயாகக் கேட்பது போலக் கேள்.

வேலை முடிந்ததும் வண்டி என்ன சத்தம் போடுகிறது என்று எழுது.

ஃபிரெடி

*

இரும்புலியூர்,
23.2.2025

பிரியமான தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ?

தட்சிணாமூர்த்தி மறுபடி வந்தார். புது சென்சார், நிறத்துக்கு நிறம், ஸ்லீவ், எல்லாம் நீ சொன்னபடி. ஒரு மணி நேரம் மஞ்சள் விளக்கு வரவில்லை. "பாத்தியாக்கா" என்று அவர் மீசையைத் தடவினார். மறுநாள் மறுபடி எரிகிறது.

வண்டிச் சத்தத்தை எழுதச் சொன்னாய். நான் தமிழ் டீச்சர்தான், அதற்காகப் புகைக்குழாய்ச் சத்தத்தை எப்படியடா எழுதுவது? அதனால்தான் நேற்று காலை உனக்குப் போன் போட்டேன். யாரோ எடுத்தார்கள். "ஃபிரெடி, கேளுடா" என்று போனை வண்டிக்குப் பக்கத்தில் பிடித்தேன், தபி ஆக்சிலேட்டரை மிதித்தாள். பிறகு காதில் வைத்து, "கேட்டுச்சா?" என்றேன். பதில் இல்லை. "டேய்" என்றேன். பதில் இல்லை. ஆனால் லைன் அறுபடவில்லை. மூச்சு கேட்டது.

அது சாதாரண மூச்சு இல்லை ஃபிரெடி. புஸ் புஸ்ஸென்று, சளியோடு, எங்கேயோ வேறு வழியாக வருகிற மாதிரி. ஆனால் அது நீதான். பக்கத்துப் பாயில் வருஷக்கணக்காய்ப் படுத்தவள், எனக்குத் தெரியாதா?

பேசாமல் வைத்துவிட்டாய். நேற்றிலிருந்து கை வேலை ஓடவில்லை. உனக்கு என்னடா ஆச்சு?

அக்கா

*

இராணிப்பேட்டை,
20.3.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். அதனால்தான் தாமதம்.

முதலில் வண்டி. போனில் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வேகமாக. ஹெடர் எஞ்சினோடு சேருகிற இடத்தை அடைக்கிற கேஸ்கட் சரியாக உட்காரவில்லை. அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது, சென்சார் ஏமாந்துபோகிறது. வயரில் குற்றமில்லை. தட்சிணாமூர்த்தி நன்றாகவே செய்திருக்கிறார். புது கேஸ்கட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு முறுக்கச் சொல்.

இனி நான்.

போன ஜூலையில் குரல் கரகரத்தது. சளி என்று விட்டுவிட்டேன். வேலூரில் பார்த்தபோது தொண்டையில் கட்டி என்றார்கள், கெட்ட கட்டி. அக்டோபரில் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் அக்கா. கழுத்தில் ஒரு துளை, அது வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். மேலே துணி கட்டியிருக்கிறேன். முழுசாக எடுத்தாயிற்று, இனி பயமில்லை என்கிறார்கள். சாப்பிடுகிறேன், நடக்கிறேன், வேன் ஓட்டுகிறேன். பேச்சு மட்டும் இல்லை. கழுத்தில் வைத்துப் பேச ஒரு மிஷின் இருக்கிறது. தகரத்துக்குள் ஈ புகுந்த மாதிரி இருந்தது, அலமாரியில் வைத்துவிட்டேன்.

உன்னிடம் சொன்னால் கல்யாணத்தைத் தள்ளி வைப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கும்போது என் கழுத்து குறுக்கே நிற்க வேண்டாம் என்று ஜெயசீலியிடம் சத்தியம் வாங்கினேன். அவளைத் திட்டாதே.

கோயில் முழுக்க ஜனம் இருக்கும். பாஸ்டர் "யார்?" என்று கேட்பார். எல்லாரும் அப்பாவின் மகன் என்று என் வாயைப் பார்ப்பார்கள். நான் ஊமையாக நிற்பேன். எனக்கு அது தாங்காது அக்கா. துரைராஜ் அண்ணன் நிற்கட்டும்.

ஃபிரெடி

*

இரும்புலியூர்,
29.3.2025

என் தங்கமே,

செவ்வாய்க்கிழமை உன் வீட்டுக்கு வந்து, உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுத் திரும்பிவிட்டேன். உனக்குக் குரல் இல்லை, எனக்கோ இருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னது சரி. தெரிந்திருந்தால் தள்ளித்தான் வைத்திருப்பேன். இப்போது வைக்க மாட்டேன். ஜெயசீலியை மட்டும் நேரில் நாலு திட்டு திட்டினேன், பிறகு கட்டிக்கொண்டேன். இத்தனை மாதம் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

நேற்று பாஸ்டர் ஐயாவைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லி, அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். அவர் ஆராதனைப் புத்தகத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல பதில் எங்கம்மா இருக்கு? காட்டுங்க" என்றார். நான் கண்ணாடியைப் போட்டுத் தேடினேன். கேள்வி இருக்கிறது. அதற்குக் கீழே, பெண்ணின் கையைக் குருவானவரிடம் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அவ்வளவுதான். "நான் கொடுக்கிறேன்" என்று எங்கேயும் இல்லை!

அது அப்பாவாகச் சேர்த்துக்கொண்டது ஃபிரெடி. அவர் போட்ட சத்தத்தில் நாம் இத்தனை வருஷமாக அது புத்தகத்தில் இருக்கிறது என்றே நினைத்துவிட்டோம். அவரைப் பார்த்துச் சபையில் எல்லா அப்பாக்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ்டர் ஐயா சிரித்துவிட்டு, "கை கொடுத்தா போதும்மா. அவருக்குக் கை இருக்குல்ல?" என்றார்.

இருக்கிறதா? மே முதல் தேதி கொண்டு வா.

கேஸ்கட் போட்டாயிற்று. மஞ்சள் விளக்கு இல்லை.

அக்கா

*

இராணிப்பேட்டை,
4.4.2025

அக்காவுக்கு,

இருக்கிறது. இரண்டையும் கொண்டு வருகிறேன்.

ஃபிரெடி

*

இராணிப்பேட்டை,
8.5.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக்கொடுத்த பிரியாணியை ஜெயசீலி இரண்டு நாள் சூடு பண்ணினாள். மண்டபத்துக் கும்பலில் உன்னிடம் எழுதிக் காட்ட முடியாததை இப்போது எழுதுகிறேன்.

அன்றைக்குத் தபியைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லி நீ கத்தினாய், அவள் வெள்ளைப் புடவையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டாள். சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு ஒரு தடவை எரிந்து, முறைப்படி அணைந்தது. நம் தெருவில் மெதுவாகத்தான் வந்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் கொஞ்சம் மிதித்தேன். உறுமியது அக்கா! பரணில் வைத்த அன்றைக்கு நான் மனசுக்குள் கேட்ட அதே சத்தம். அப்பா இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார்.

அதற்குள் பக்கத்தில் இன்னொரு சத்தம். திரும்பிப் பார்த்தால் தபி. நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, லிப்ஸ்டிக் போட்ட உதட்டை அதிரவைத்து "ட்ர்ர்ர்ர்" என்கிறாள். நான் செகண்டு போட்டால் அவள் வாயில் செகண்டு, தேர்டு போட்டால் தேர்டு. ஒரு கியர் பிசகவில்லை. "மாமா, ஃபோர்த்து போடாதீங்க, தூங்கிடுவேன்" என்றாள். நான் சிரித்தேன். என் சிரிப்பில் சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும். அவள் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்துக்கொண்டாள். கோயில் வரைக்கும் தேர்டு கியரிலேயே போனேன், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

பாஸ்டர் கேட்டதும் பழக்கதோஷத்தில் என் தொண்டை எழும்பப் பார்த்தது. எழும்ப ஒன்றும் இல்லை. தபியின் கையை எடுத்து அவர் கையில் வைத்தேன். கோயில் அத்தனை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் முன் பெஞ்சில் நீ மூக்கைச் சிந்தினாய் பார், அப்பாவின் சத்தமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. பாஸ்டரே நிமிர்ந்து பார்த்தார்.

தபி இல்லாத வீடு உனக்குப் பெரிதாகத் தெரியும். ஞாயிறு சாயங்காலம் போன் பண்ணு. இனி நான்தான் எடுப்பேன். தெருக்கதை, சபைக்கதை, தட்சிணாமூர்த்தி கதை எல்லாம் சொல்லு. நடுவில் நான் இருக்கிறேனா என்று சந்தேகம் வந்தால், கொஞ்சம் நிறுத்திவிட்டு மூச்சைக் கேள்.

உன் தம்பி,
ஃபிரெடி